கேட்டுக்கொண்டு திறந்த கதவு

ஃபேஸ்புக் என்ற பெயர் மார்க் ஸக்கர்பெர்க் சூட்டியதல்ல. கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களின் படமும் பெயரும் அச்சிட்ட ஏட்டை அமெரிக்க மாணவர்கள் வெகுகாலமாகவே அப்படித்தான் அழைத்தார்கள். ஹார்வர்டில் விடுதிக்கு விடுதி அந்த ஏடு கணினியில் ஏறியிருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2003 அக்டோபர் இறுதியில் அந்த விடுதி ஏடுகளிலிருந்து படங்களை எடுத்து, இரண்டிரண்டாக நிறுத்தி, யார் அழகு என்று வாக்குக் கேட்டது, அங்கே மாணவராக இருந்த ஸக்கர்பெர்க்கின் 'ஃபேஸ்மாஷ்' தளம். படத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவிகள் கொதித்தார்கள். தளம் மூடப்பட்டது, அவர் மன்னிப்புக் கேட்டார், பல்கலைக்கழக விசாரணையையும் சந்தித்தார்.

இந்தக் காயத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அடுத்து நடந்தது புரியும். 2004 பிப்ரவரி 4, புதன்கிழமை, கிர்க்லண்ட் விடுதி அறையிலிருந்து 'தஃபேஸ்புக்' வெளிவந்தது. இம்முறை அவரவர் படத்தை அவரவரே ஏற்றினார்கள். ஹார்வர்ட் மின்னஞ்சல் முகவரி இல்லாதவர் நுழைய முடியாது. தன் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதையும் ஓரளவு தானே முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் 650 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள்.

அன்றைய பக்கத்தை இன்று பார்த்தால் வெறுமையாகத் தோன்றும். ஒரே ஒரு படம், விடுதி, எடுத்திருக்கும் பாடங்கள், பிடித்த புத்தகம், காதல் உண்டா இல்லையா. 'லைக்' கிடையாது, நண்பர் பக்கத்தில் எழுதிவைக்கும் 'வால்' கூட அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. ஆனால் ஒரு பாடத்தின் பெயரைத் தட்டினால் அந்த வகுப்பில் இருக்கும் மற்றவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். நாள்தோறும் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு அன்றிரவு ஒரு பெயர் கிடைத்துவிடும். அந்தத் தளத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்பேன். பார்ப்பவர் நாளை காலை நேரில் எதிர்ப்படப் போகிறவர். அந்த நம்பிக்கையில்தான் பலர் செல்பேசி எண்ணைக் கூட எழுதி வைத்தார்கள்.

கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், யேல் என்று கல்லூரி கல்லூரியாகப் பரவி, 2004 முடிவதற்குள் 10 லட்சம் பேரை எட்டியது.

2006 செப்டம்பர் 5 அன்று 'நியூஸ் ஃபீட்' வந்தது. அதுவரை ஒருவரின் செய்தி தெரிய அவர் பக்கத்துக்குப் போக வேண்டும். அன்று முதல் காதல் முறிந்ததைக் கூட நண்பர்கள் அத்தனை பேர் முகப்பிலும் தளமே தண்டோரா போட்டது. புதிதாக எந்த ரகசியமும் வெளியாகவில்லைதான். ஆனால் மாணவர்களைக் கேட்காமல் செய்தார்கள், மறுபடியும். எதிர்ப்புக் குழு ஒன்றில் சில நாட்களிலேயே ஏழு லட்சம் பேர் திரண்டார்கள், அதே ஃபேஸ்புக்கில். செப்டம்பர் 8 அன்று ஸக்கர்பெர்க் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். கட்டுப்பாடுகள் சில சேர்ந்தன, ஃபீட் நிலைத்தது.

செப்டம்பர் 26 அன்று 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்றார்கள். கல்லூரி முகவரி தேவையற்றுப் போனது. நம் ஊர் கல்லூரி மாணவர்கள் அப்போது ஆர்குட் என்ற இன்னொரு நட்புத் தளத்தில் 'ஸ்க்ராப்' என்ற குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே அடுத்த வாரம் போவோம்.