பாய்லர் ஹெட்டரும் அம்பாசிடர் ஹெட்டரும்: வீட்டு ஷெட்டில் எக்ஸாஸ்ட் செய்கிறவர்களுக்கு ஒரு மருத்துவ வரலாறு

1/
நெய்வேலியில் ‘ஹெட்டர்’னு சொன்னா ரெண்டு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. ஒருத்தர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வேலை பார்த்தவர். இன்னொருத்தர் பழைய அம்பாசிடரை வீட்டு ஷெட்டில் பிரிச்சுப் போட்டிருப்பவர். ரெண்டு பேரும் சொல்வது ஒன்றைத்தான்: பல குழாய்கள் வந்து சேரும் ஒரு குழாய். அதன் வரலாறும், அதைச் செய்கிறவர் உடம்புக்கு நேர்வதன் வரலாறும்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதலில் ஊர்க்கதை. 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பழுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப் படுகை வெளிச்சத்துக்கு வந்தது. 1962-இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது.

3/
இந்தக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். இதை எரித்து நீராவி எடுக்கும் பாய்லருக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள் ஓடும். அவை வந்து சேரும் தடித்த குழாய்க்குப் பெயர் ஹெட்டர். ஒரு வெல்டிங் கசிந்தால் அலகையே நிறுத்த வேண்டும். அதனால் குழாய் வளைக்கவும், மூட்டு பொருத்தவும், கசியாமல் வெல்டிங் அடிக்கவும் தெரிந்த கைகள் இந்த ஊரில் தலைமுறையாக உண்டு.

4/
அதே காலத்தில்தான் கார்களும் வந்தன. மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு தயாரித்தது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர். 1957-58இல் தொடங்கி 2014 வரை கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் ஓடிய வண்டி. ரொம்ப காலம் அதன் இதயம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன்.

5/
அந்த இன்ஜினில் ஒரு விசித்திரம் உண்டு. சிலிண்டர் நாலு, ஆனா புகை வெளியேறும் துளை மூணுதான். நடுவில் இருக்கும் ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். அந்த மூணு வாசலிலிருந்தும் வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புவது எக்ஸாஸ்ட் மானிபோல்டு. கம்பெனி கொடுத்தது வார்ப்பிரும்பு. விலை குறைவு, சத்தம் குறைவு, பல வருஷம் உழைக்கும்.

6/
அப்புறம் ஏன் மாத்துறாங்க? முதல் காரணம் விரிசல். கணக்கு எளிது. 40 செ.மீ நீள இரும்பு 600 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். ஆறினால் சுருங்கும். நாற்பது வருஷம் தினமும் நீண்டு சுருங்கினால் எந்த வார்ப்பும் ஒருநாள் கீறல் விடும். இரண்டாவது காரணம் ஆசை. பந்தயக் கார்களில் இருக்கும் வளைந்து நெளிந்த குழாய்கள் நம்ம வண்டியிலும் வேணும் என்ற ஆசை.

7/
ஆசையில் அர்த்தம் இல்லாமல் இல்லை. வால்வு திறக்கும்போது புகை சீராக ஒழுகாது, அடி அடியாகப் பாயும். குழாயின் நீளமும் வடிவமும் சரியாக அமைந்தால் திரும்பி வரும் அழுத்த அலை அடுத்த மூச்சுக்கு உதவும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இதை டூ-ஸ்ட்ரோக் பைக்கில் ஒரு கலையாகவே ஆக்கினார். 1961-இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. புகைக்குழாயின் வடிவம் பனிப்போர் ரகசியமாக இருந்த காலம் அது.

8/
ஆனா ஒற்றை கார்புரேட்டர் அம்பாசிடருக்கு இதனால் கிடைப்பது கொஞ்சம்தான். மற்றதை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் சத்தம்தான் அதிகம் கூடும். இதைத் தெரிந்துகொண்டே செய்கிறவர்கள் உண்டு. செய்யட்டும். கைவேலையின் சந்தோஷத்துக்கு நான் எதிரி இல்லை. நான் பேச வந்தது இந்த வேலையில் இருக்கும் மூன்று நச்சுகளைப் பற்றி. மூன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

9/
முதல் நச்சு, பழைய மானிபோல்டைக் கழற்றும்போதே வரும். இன்ஜினுக்கும் மானிபோல்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட். அந்தக் காலத்து வண்டிகளில் இது பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. குழாய் மேல் சுற்றிய கயிறும் துணியும்கூட அப்படித்தான். உலகம் முழுக்கப் பழைய பாய்லர்களிலும் அதுவே போர்வை. சூடு தாங்கும், விலை மலிவு.

10/
காய்ந்து ஒட்டிப்போன கேஸ்கெட்டை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால், கிரைண்டர் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். நுரையீரலுக்குள் போனது வெளியே வராது. கல்நார் தழும்பு நோய், நுரையீரல் புற்று, மீசோதெலியோமா எல்லாம் 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். அன்னிக்கு இருமல்கூட வராது. அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

11/
இந்தத் தாமதத்தை நம் உச்ச நீதிமன்றமே கணக்கில் எடுத்தது. 1995-இல் கல்நார் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருஷம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. வீட்டு ஷெட்டில் வேலை செய்கிறவருக்கு அப்படிப் பதிவு வைக்க ஆளே இல்லை.

12/
செய்ய வேண்டியது: பழைய கேஸ்கெட்டைத் தண்ணீரில் நல்லா நனைச்சு, மழுங்கிய தகட்டால் முழுசா உரிச்செடுங்க. ஏர் ஹோஸ் வைத்து ஊதவே கூடாது. உரித்ததை ஈரமாகவே ரெண்டு பிளாஸ்டிக் பையில் கட்டுங்க. போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்காதீங்க. கணவரின் வேலைத் துணியைத் துவைத்தே நோய் வாங்கிய மனைவிகளின் கதைகள் மருத்துவ நூல்களில் இருக்கு.

13/
இரண்டாவது நச்சு, வெல்டிங் அடிக்கும்போது. மலிவா கிடைக்குதேன்னு தண்ணிக் குழாயாக வரும் ஜிஐ பைப்பை வெட்டி வளைத்துச் செய்கிறவர்கள் உண்டு. ஜிஐ மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் சுமார் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருகுவதோ 1500 டிகிரிக்குப் பக்கத்தில். ஆக இரும்பு உருகும் முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகி உங்க மூக்குக்கு வந்துவிடும்.

14/
சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குளிர், காய்ச்சல், உடம்பு வலி, நாக்கில் உலோகச் சுவை. மலேரியா மாதிரியே இருக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். 1831-லேயே இங்கிலாந்தின் தாக்ரா என்ற மருத்துவர் பித்தளை உருக்குகிறவர்களிடம் இந்தக் காய்ச்சலைப் பார்த்து எழுதினார். பிற்காலத்தில் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் பெயர் வந்தது. வாரம் முழுக்கப் பழகிய உடம்பு ஞாயிறு விடுப்பில் அதை மறந்துவிடும், திங்கள் மறுபடி அடிக்கும்.

15/
“பால் குடிச்சா சரியாயிடும் டாக்டர்”னு சொல்வாங்க. பால் நல்ல உணவு, ஆனா நுரையீரலுக்குள் போன புகையை அது எடுக்காது. காய்ச்சலோடு மூச்சுத் திணறல் இருந்தா வீட்டில் படுத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வாங்க. எக்ஸாஸ்டுக்கு ஜிஐ பைப்பே வேண்டாம். பூச்சில்லாத எம்எஸ் குழாய் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்க. ஸ்டெயின்லெஸ் புகையில் குரோமியம் உண்டு, அதனால் திறந்த வெளியும் சரியான மாஸ்க்கும் கட்டாயம்.

16/
மூன்றாவது நச்சு, வேலை முடிந்து சாவி போட்டபின். கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட இதை இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கிப் பிடிக்கும். 1895-இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தை எடுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். சுரங்க விபத்துகளில் பலரைக் கொல்வது வெடிப்பைவிட இந்த வாயுதான் என்று காட்டியவர் அவர். சுரங்கத்துக்குள் கூண்டில் கேனரிக் குருவி போனதும் அவர் யோசனைதான்.

17/
நம்ம ஊருக்கும் இந்த வாயு பழக்கமானது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்கள் கரி கேஸில் ஓடின. வண்டிக்குப் பின்னால் பெரிய டிரம், அதில் அடுப்புக்கரி. கிளீனர் விசிறி சுற்றிக் கணப்பை ஏற்றின பிறகுதான் வண்டி நகரும். வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் கரி கேஸில் எரிபொருளே கார்பன் மோனாக்சைடுதான். பட்டறையில் கையால் செய்த மூட்டு கசிந்தால் நேராக மனிதர் மூச்சுக்குள் போகும். அதே காலத்தில் ஸ்வீடனில் இப்படி ஓடிய வண்டிகளால் நச்சேறியவர்கள் நிறைய. நாள்பட்ட தலைவலி, மறதி, களைப்பு என்று வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

18/
சரி, இப்போ பெட்ரோல் வண்டிதானே? நம் மோட்டார் வாகன விதிப்படி பழைய பெட்ரோல் காரின் ஐட்லிங் புகையில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி. மூச்சுக்காற்றில் இது 1 சதவீதத்தைத் தாண்டினாலே சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதாவது புகைச் சான்றிதழ் வாங்கிப் பாஸான வண்டியின் புகையும் கொல்லும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் புது கார்களுக்கு வந்ததே 1995-இல், அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில் மட்டும். உங்க ஷெட்டில் நிற்கும் வண்டியில் அது கிடையாது.

19/
அந்தப் புகை காருக்குள் வராமல் தடுப்பது மூணு மூட்டும் ஒரு கேஸ்கெட்டும்தான். பாய்லர் வெல்டர்கள் பாடம் இங்கே உதவும்:
- கேஸ்கெட்டையே அச்சாக வைத்து 10 மி.மீ தகட்டில் பிளாஞ்சு வெட்டுங்க.
- பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் முறுக்கி வைத்து டாக் அடிங்க. முறுக்காம அடிச்சா தகடு கோணும்.
- முடிந்ததும் லேத் பட்டறையில் முகத்தைச் சமன் செய்யுங்க.
- சைலன்சர் பாரம் மானிபோல்டில் தொங்காதபடி கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கிளாம்ப் போடுங்க.

20/
கசிவு பார்க்க: இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாயில் புளோயர் வைத்து ஊதி, மூட்டுகளில் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வந்தா கசிவு. வண்டி ஓடும்போது ‘டிக் டிக்’ சத்தம், பிளாஞ்சு ஓரம் கருப்புக் கோடு, இதுவும் அடையாளம். கால்மிதி பக்கம், ஒயர் போகும் ஓட்டைகள், டிக்கி ரப்பர் எல்லாத்தையும் அடைங்க. மூடிய ஷெட்டில் ஒரு நிமிஷம்கூட இன்ஜினை ஓட விடாதீங்க.

21/
அறிகுறி: தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், வண்டியில் வந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில். ‘சாப்பாடு ஒத்துக்கல’ன்னு நினைச்சுடுவாங்க. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம்னே காட்டும், 98, 99 வரும். உடனே வெளிக்காற்றுக்கு வாங்க, ஆஸ்பத்திரியில் வண்டிப் புகைன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து பாதி வாயு வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

22/
ஒரு சட்டக் குறிப்பு. கம்பெனி அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கு. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும் இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாததைத்தான் எதிர்பார்க்கிறது. ஆர்டிஓவில் கேட்டுட்டு ஆரம்பிங்க. பழைய வார்ப்பிரும்பு மானிபோல்டைக் காயலான் கடைக்குப் போடாம எண்ணெய் தடவி எடுத்து வைங்க.

23/
சோவியத் பாய்லர்களோடு தொடங்கிய அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அம்பாசிடரும் நின்றுவிட்டது. கை வேலை மட்டும் நிற்கவில்லை, அதில் எனக்கும் சந்தோஷம்தான். வண்டிக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்கலைன்னா நீங்களே செஞ்சுக்கலாம். நுரையீரலுக்கு அப்படிச் செஞ்சுக்க முடியாது.

ஷெட்டில் வண்டி பிரிச்சுப் போட்டிருக்கும் அண்ணனோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.