இளையராஜாவின் கிடாரும் ஒலிப்பதிவுக்கு முந்தைய நேரமும்

திருவண்ணாமலைக்கும் இளையராஜாவுக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அவர் ரமண மகரிஷியின் பக்தர். மகரிஷியின் மேல் அவரே பாட்டெழுதி இசையமைத்த 'ரமண மாலை'யைக் கேட்காமல் அந்த ஊருக்குப் போய் வருகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மலை, ஆசிரமம், மௌனம் என்று பேசும்போது ஒரு விஷயம் மட்டும் விட்டுப் போகிறது. ராஜா என்றாலே நம் கண் முன் ஹார்மோனியப் பெட்டிதான் வருகிறது. ஆனால் அவர் முறைப்படி பரீட்சை கொடுத்துத் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிடாரில். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் பரீட்சை அது. அந்தப் பரீட்சைக்கும் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் இருந்த தொடர்பு, சினிமா இசை பற்றிய பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு சரித்திரம்.

பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவில் சிறு வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராகப் போனவர். 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். ராசையா என்ற பெயரை 'ராஜா' என்று சுருக்கியவர் இந்த மாஸ்டர்தான். அதுவரை ராஜாவுக்குத் தெரிந்த சங்கீதம் எல்லாம் காதால் கேட்டுப் பிடித்தது. மாஸ்டர் முன்னால் வைத்தது காகிதம். ஐந்து கோடுகள், அவற்றின் மேல் புள்ளிகள். பாக், மொஸார்ட், பீத்தோவன் எல்லோரும் அந்தப் புள்ளிகளுக்குள்தான் இருந்தார்கள்.

டிரினிட்டி பரீட்சையில் தயார் செய்துகொண்டு போன உருப்படிகளை வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. ஸ்கேல் வாசிக்க வேண்டும், காதால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விடப் பயமுறுத்துவது 'சைட் ரீடிங்'. இதுவரை பார்த்தே இராத ஒரு தாளை நீட்டுவார்கள். சில நொடிகள் கண்ணை ஓட்டிவிட்டு வாசிக்க வேண்டியதுதான். பியானோகாரருக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு, ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டை. கிடாரில் அப்படி இல்லை. முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் அதே ஸ்வரம், இரண்டாம் கம்பியில் 5-ஆம் கட்டத்திலும், மூன்றாம் கம்பியில் 9-ஆம் கட்டத்திலும், நான்காம் கம்பியில் 14-ஆம் கட்டத்திலும் இருக்கிறது. எங்கே வாசிப்பது என்பது அடுத்து வரும் ஸ்வரத்தைப் பொறுத்தது. ஆகவே விரல் ஓரிடத்தில் இருக்கும்போது கண் அதற்கடுத்த இடத்தில் இருந்தாக வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவர் நல்ல கலைஞராகவே இருந்தாலும் நடுவில் திணறிப் போவார்.

மேற்கே கிளாசிக்கல் கிடார் கலைஞர் ஒருவர் ஒலிப்பதிவுக்குத் தயாராகும் விதம் வேறு. வாசிக்கப் போவது என்ன என்று மாதக்கணக்கில் முன்பே தெரியும். மெட்ரோனோமை மெதுவாக வைத்து ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். வலது கை நகங்களை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பதமாக வைத்துக்கொள்வார், நகத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் மைக்கில் கேட்டுவிடும். புது நைலான் கம்பி இழுபட்டுச் சுருதியில் நிற்கச் சில நாள் பிடிக்கும் என்பதால் கம்பியை முன்கூட்டியே மாற்றிவிடுவார். செகோவியா 1927-ல் லண்டனில் எச்.எம்.வி.க்காகப் பதிவு செய்தபோது கம்பிகள் நைலான்கூட இல்லை, குடல் நரம்பு. தட்டின் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான், தப்பினால் முதலிலிருந்து. பிறகு வந்த ஜூலியன் பிரீம் ஸ்டூடியோவை விட்டுவிட்டு வில்ட்ஷயரில் வார்டர் என்ற இடத்தில் இருக்கும் தேவாலயத்தில் பதிவு செய்தார். கிடார் அவ்வளவு சன்னமான வாத்தியம், அதற்குச் சுற்றிலும் நிசப்தம் வேண்டும்.

கோடம்பாக்கத்தில் இதில் எதற்கும் வழியில்லை. காலையில் வாத்தியக்காரர்கள் வரும்போது அன்றைய பாட்டு என்னவென்று யாருக்கும் தெரியாது. இசையமைப்பாளர் எழுதுவார், பகுதி பகுதியாகப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள், சில ஒத்திகைகள், பிறகு 'டேக்'. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே வாசித்துப் பதிவு செய்த காலம் அது. கடைசி வரியில் கிடார்காரர் ஒரு கம்பியைத் தவறாகத் தொட்டால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. கூடத்தின் வாடகை, அத்தனை பேருடைய கால்ஷீட் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு தப்பின் விலை புரியும் (கணக்குப் பதிவியல் படிப்பவர்கள் இதை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள் என்று யோசிக்கலாம்). பாட்டைப் பயிற்சி செய்ய நேரமே இல்லாத இடத்தில் எதைப் பயிற்சி செய்வது? தயாராக இருப்பதைத்தான். கண்ணையும் காதையும் விரலையும், எது வந்தாலும் சரி என்ற நிலையில் வைத்திருப்பதைத்தான். டிரினிட்டி பரீட்சையில் மிகவும் பயமுறுத்திய அந்தச் சில நிமிடங்கள் இங்கே தினசரி வேலையாகிவிட்டன.

ராஜா இந்த வேலையை நாற்காலியின் இந்தப் பக்கத்திலிருந்தே கற்றார். சலில் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிடார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக, பெரும்பாலும் கன்னடத்தில், ஏராளமான படங்களில் வேலை செய்தார். 1976-ல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'யைக் கொடுத்தபோது முதல் பாட்டின் பதிவுக்கு எல்லாம் தயாரான நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. சகுனம் என்று முணுமுணுப்பு. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மனம் உடைந்து போகச் சரியான சந்தர்ப்பம்தான், ஆனால் மின்சாரம் வந்ததும் வேலை நடந்தது.

மேடை மாறிய பிறகும் கிடார்காரரின் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. வாத்தியத்தைத் தொடாமலே மனதில் கேட்டதை நேராக நொட்டேஷனாக எழுதுவதில் அவருக்கு ஈடு கிடையாது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிடாரைக் கேட்டுப் பாருங்கள். அது பாட்டுக்குப் பின்னால் ஓடும் துணை வாத்தியமாக நிற்கவில்லை, பாட்டின் பாதி அதுதான். கிடாரின் கட்டங்களை உள்ளங்கையாக அறிந்த ஒருவர் எழுதி, பார்த்ததும் வாசிக்கக்கூடிய ஒருவர் வாசித்ததால் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். மாஸ்டரிடம் வாங்கிய பாடத்துக்குக் குருதட்சிணை மாதிரி.

இந்த இடத்தில் திருவண்ணாமலையைக் கொஞ்சம் யோசிக்கலாம். ரமணர் 1896-ல் வந்து 1950-ல் மறையும்வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. பேச்சைவிட மௌனத்தால் அதிகம் போதித்தவர் என்று பெயர். அதே ஊரைத்தான் சந்தமும் தாளமும் கொட்டிப் பாடிய அருணகிரிநாதரின் ஊர் என்றும் சொல்கிறார்கள். மௌனத்துக்கும் தாளத்துக்கும் ஒரே ஊர் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்த பின் முதல் ஸ்வரம் விழுவதற்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று நொடிகளை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அந்த நொடிகளில் 'தப்பு வந்துவிடுமோ' என்று நினைப்பவர் தப்பு செய்வார். பயிற்சி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த நொடிகளில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருப்பதுதான். பக்தியையும் தொழிலையும் ஒன்றாக்கிவிடக் கூடாதுதான், ஆனாலும் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாழ்க்கையைக் கழித்த ஒருவரை அந்த ஊர் இழுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2005-ல் 'திருவாசகம்' வந்தது. வாசித்தவர்கள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, மாணிக்கவாசகர் யாரென்று தெரிந்திருக்கவும் அவசியமில்லை. முன்னால் இருந்த தாளைப் பார்த்து வாசித்தார்கள். மயிலாப்பூரில் ஒரு தமிழ் இளைஞன் ஐரோப்பியரின் புள்ளிகளைத் தட்டுத் தடுமாறிப் படித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின், ஐரோப்பியர்கள் அவர் எழுதிய புள்ளிகளைப் படித்தார்கள். அந்தத் திருவாசகத்தில் ஒரு பகுதியான திருவெம்பாவையை மாணிக்கவாசகர் பாடியது திருவண்ணாமலையில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை அருகே அவருக்கு ஒரு சிறு கோயிலும் இருக்கிறது.