தீவகத்துக் கலங்களும் உறுப்புப் பட்டியலும்

நயினாதீவில் நிற்கும், இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் வழியில் உடையும் கலங்களைச் சரக்கின்படி பிரித்து, யானை குதிரை ஏற்றிய கலமாயின் கால்பங்கும் வணிகப் பண்டம் ஏற்றியதாயின் அரைப்பங்கும் பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, உரியதென்று விதித்தது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. கலங்களை ஒப்பிட்டு வகுத்த இத்தெளிவு, அவற்றின் உறுப்புகளைப் பதிவுசெய்வதில் பிற்காலத்தாருக்கு வாய்க்கவில்லை என்பது பெருங்குறையே.

கலத்தின் அடிமரம் ஏரா. அதன்மேல் இருபுறமும் வளைந்தெழுந்து பக்கப்பலகைகளைத் தாங்குவது வங்கு. பாயைக் கட்டப் பாய்மரத்தின் குறுக்கே ஏற்றப்படுவது பருமல். பாயின் கீழ்முனையைப் பிடித்துக் காற்றுக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு தாமான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி கப்பல்துறைச் சொற்களையும் தொகுத்தது. சிகாகோப் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் தேடத்தக்கதாக்கியது. எனினும் அகரவரிசை, ஒரே கலத்தில் பொருந்தி நிற்கும் ஏராவையும் வங்கையும் வெகுதொலைவில் பிரித்துவிடுகிறது. ஈழத்து ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளோடு, உறுப்பின் பணி, இருப்பிடம், மரவகை, அளவு ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களில் வைத்து ஒப்பிடும் பட்டியலும் இணையுமாயின், ஒரு தோணியை ஏராவிலிருந்து பாய்வரை முழுமையாக மீட்டறிய இயலும்.