தோட்டாக் கோதும் வரலாற்றுச் சான்றும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்து, வங்கக் கடலோரமாய் அமைந்தது சல்லி என்னும் சிற்றூர். கடற்றொழிலாலும் முத்துமாரியம்மன் கோயிலாலும் அறியப்பட்ட அவ்வூரைப் போர் வரலாற்று நூல்கள் பேசுவதில்லை. எனினும், அதன் அயலிலுள்ள துறைமுகத்தை 1639இல் ஒல்லாந்தரும், 1782இல் பிரெஞ்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் பொருது கைப்பற்றினர். வல்லரசுகளின் வெடியோசையைக் கேட்டு வாழ்ந்த கரை அது. அவ்வோசை அடங்கிய பின் மண்ணில் எஞ்சுவது யாது? கோட்டை மதில்களும் பீரங்கிகளும் ஒருபுறமிருக்க, விரல் அளவான பித்தளைக் கோதுகளும் எஞ்சுகின்றன. ‘சல்லிக்காசும் பெறாது’ என நாம் ஒதுக்கும் அக்கோதுகள் வரலாற்று மாணவனுக்கு எத்தகைய சான்றாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டா முதலில் உலோகத்தாலானதன்று. வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் ஒருங்கே சுற்றிய தாட்பொதியே பழைய தோட்டா. போர்வீரன் அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைத் துப்பாக்கியின் வாய்வழியே இடுவான். 1857இல் என்ஃபீல்ட் துப்பாக்கியின் தோட்டாவிற் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டன என்ற செய்தி வட இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தமை யாவரும் அறிந்ததே. ஒரு தாட்பொதி பேரரசொன்றை அசைத்தது எனின் அது மிகையன்று. ஆனால், சுடுவதற்காகவே கிழிக்கப்பட்ட அப்பொதிகளுள் எஞ்சியவை மிகச் சிலவே. அருமை என்பது பெரும்பாலும் அழிவின் மறுபெயர்.

1866இல் ஸ்னைடர் துப்பாக்கியுடன் பித்தளைத் தகட்டாலான தோட்டா பிரித்தானியப் படையிற் புகுந்தது. 1888இல் ஏற்கப்பட்ட லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியோடு .303 அங்குலத் தோட்டா தோன்றி, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேரரசெங்கும் வழங்கியது. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில், உடலிற் புகுந்ததும் விரியுமாறு சன்னத்தின் ஈய முனையை மூடாது விட்டு ஒருவகைத் தோட்டா செய்யப்பட்டது. அவ்வாறு விரியும் சன்னங்களை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்தது. ஓர் ஊரின் பெயர் கொடுமையொன்றின் பெயராக உலக மொழிகளில் நிலைத்தமைக்கு ‘டம்டம்’ சான்றாகும்.

தோட்டாக் கோதின் அடிப்பகுதியில் எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘கே’, ‘எஃப்’ என்னும் எழுத்துகளுக்கிடையே அம்புக்குறி காணப்படின், அது பூனாவை அடுத்த கிர்க்கித் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. ‘எம்.எஃப்.’ எனின், ஆஸ்திரேலியாவின் ஃபூட்ஸ்கிரேயில் உருவானது. ஈரிலக்கம் ஆண்டினையும், உரோம எண் வகையினையும் குறிக்கும். நாணயவியலாளன் காசின் பொறிப்பைப் படிப்பது போலவே, தோட்டா அறிந்தவன் இப்பொறிப்பைப் படிக்கிறான்.

இதன் பயனை நம் துறைமுகமே காட்டுகிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் அவற்றை எதிர்த்தன. ஹரிக்கேனின் பிரவுணிங் துப்பாக்கிகள் .303 தோட்டாக்களைச் சுட்டன. யப்பானிய ‘சீரோ’ விமானத்தின் 7.7 மில்லிமீற்றர் துப்பாக்கியோ ஆங்கிலேயரின் விக்கர்ஸ் துப்பாக்கியை ஒட்டிச் செய்யப்பட்டது; அதன் தோட்டாவும் .303இன் படியே. பகைவர் இருவரும் ஒரே வார்ப்பான தோட்டாவால் ஒருவரையொருவர் சுட்டனர்! வடிவால் ஒத்த கோதுகளை வேறுபடுத்த அடிப்பொறிப்பே துணையாகும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டாச் சேகரிப்போர் சங்கம் அமைத்து, சஞ்சிகை வெளியிட்டு, தம்முள் மாற்றியும் விற்றும் வருகின்றனர். அவர்கள் மதிப்பது பித்தளையின் எடையை அன்று. சிறு தொகையாய்ச் செய்யப்பட்டவை, சோதனைக்கென ஆக்கப்பட்டவை, பொறிப்புப் பிழையுற்றவை ஆகியவற்றையே. பொறிப்புகளை வகைப்படுத்தி அவர்கள் தொகுத்த அறிவு ஆய்வாளர்க்குப் பெருந்துணையாயிற்று. ஆயினும், இவ்வணிகத்தில் ஒரு குறை உண்டு. பொருள் கைமாறுந்தோறும் அது கிடந்த இடம் மறக்கப்படுகிறது.

அவ்விடத்தின் பெறுமதியை அமெரிக்காவின் லிற்றில் பிக்ஹோர்ன் போர்க்களம் உணர்த்தும். அங்கு 1876இல் கஸ்ரரின் படைப்பிரிவு அழிந்தது. 1983இல் தீ புல்வெளியை எரித்தபின், 1984இல் தொல்லியலாளர் கோதுகள் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக வரைபடத்திற் குறித்தனர். கோதின் மீது சுத்தியல் ஊசி பதித்த தழும்பை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் நகர்ந்த வழியைக் கண்டறிந்தனர். கோதுகள் பொறுக்கப்பட்டு அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருப்பின், அவ்வுண்மை வெளிப்பட்டிராது.

நம் மண்ணிலோ நிலைமை வேறு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் உள்ள நாட்டில் தோட்டாச் சேகரிப்பு எளிய பொழுதுபோக்கன்று. 2009இல் முடிவுற்ற நெடும்போரின் பின் மண்ணில் கிடப்பது வெற்றுக் கோதா, வெடியாத குண்டா எனப் பிரித்தறிவது பயிற்சி பெற்றோர்க்கே உரியது. எனவே, கண்டெடுப்பவர் தொடாது அறிவித்தலே அறிவுடைமை. உருக்கப்படும் பித்தளை வயிற்றுப்பாட்டுக்கு உதவலாம். வறியோரின் அத்தேவையை இகழ்தல் தகாது. ஆயினும், உலைக்குட் செல்லும் ஒவ்வொரு கோதுடனும், எவர், எங்கு, எப்போது சுட்டார் என்னும் மூன்று விடைகளும் உருகிப்போகின்றன.

அவ்விடைகள் பழங்கதைக்கு மட்டும் உரியனவல்ல. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என முதலிற் கூறப்பட்டது. அவர்கள் சுடப்பட்டனர் என்பதை உடல்களிலிருந்த காயங்களே உலகுக்கு உணர்த்தின. வாய்ச்சொல் மாறும், ஈயம் பதித்த தழும்பு மாறாது. பல்கலைக்கழகப் படிகளை மிதிக்கும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

ஆகவே, கோதினைப் போற்றுதல் போரைப் போற்றுதலன்று. காசும் கல்வெட்டும் அரசர் தம்மைப் பற்றித் தாமே சொன்னவற்றைக் காத்துவைத்தன. கோதுகளோ, அவர்தம் படைகள் சொல்லாது விட்டவற்றைச் சொல்கின்றன. சல்லிக்காசும் பெறாத அச்சிறு பித்தளை பேசும்போது, செவிசாய்க்கும் வரலாற்றாசிரியர் நம்மிடையே தோன்றுவாராக.