மலைநாட்டுச் சிறாரும் கண்டி ஏஜெண்டும்

ஒரு சிறுவனைப் பேணும் பொறுப்புடையவரே அவனுடைய குறைகளையும் எடுத்துரைப்பவராயின், குறைகள் முழுமையாக வெளிவருதல் அரிது. இதனையுணர்ந்தே நோர்வே நாடு 1981இல், சிறாருக்காகப் பேசுதற்கெனத் தனி அதிகாரி ஒருவரைச் சட்டத்தின்வழி நியமித்தது. அரசின் காவலில் வளரும் இளையோருக்குச் சார்பற்ற பேச்சாளர் வேண்டுமென்னும் கொள்கையும் பின்னர்ப் பல நாடுகளிற் பரவியது. இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, இலங்கை மலைநாட்டில் இதனையொத்த பதவியொன்று இருந்தது.

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிற் பிறந்த குழந்தைக்குத் தோட்டமே உலகம். அது வளர்வது பிள்ளைக் காம்பராவில், உறங்குவது லயத்தில், படிப்பது, பள்ளியொன்று இருப்பின், தோட்டப் பள்ளியில், பின்னர் அதன் பெயர் ஏறுவது செக்ரோலில். இவையனைத்துக்கும் அதிபதி துரை ஒருவரே. கங்காணியோ உறவினர் போலத் தோன்றினும், வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் காசு பெறுபவர். சிறுவன் பள்ளிக்குச் செல்வதால் அவருக்கு ஆதாயம் ஏது?

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் பயனாக, 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் இருந்தார். அவர் தோட்டக்காரரிடமோ இலங்கை அரசாங்கத்திடமோ ஊதியம் பெற்றவரல்லர். தண்டிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. கண்டதை ஆண்டறிக்கையாக எழுதும் உரிமையே இருந்தது. ஆயினும் அவ்வறிக்கை டில்லியிற் படிக்கப்பட்டமையால் அதற்கு வலுவிருந்தது. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலின் பின் எழுந்த 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைத் தடுத்தது. 1929இல் மலைநாட்டிற் கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வரையறுக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தோட்டச் சிறார்க்குக் கல்வி புகட்டுமாறு 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்த வயதெல்லை ஆறு முதல் பத்து வரையே. பள்ளி முடியும் வயதும் கொழுந்துக் கூடை ஏறும் வயதும் ஒன்றாயின. இதனை வெறும் தற்செயல் எனக் கொள்வது கடினம்.

பிற்காலத்தில் இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளரான கே. பி. எஸ். மேனன் 1929 முதல் 1933 வரை அப்பதவியிலிருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தாற் கூலி குறைக்கப்பட்ட காலம் அது. அக்காலத்தே, 1931இல், கோ. நடேசய்யர் ஹற்றனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். துணி விற்பவர் வேடத்தில் தோட்டங்களுட் புகுந்தவர் அவர். ஏஜெண்டு வாயில் வழியே செல்லக்கூடியவர். நடேசய்யருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. இருவரும் வேண்டியவர்களே.

ஏஜெண்டின் வலிமைக்குக் காரணமாயிருந்ததே அவரது குறையுமாயிற்று. அவர் சிறுவனுக்காகப் பேசியது, அவன் இந்தியன் என்ற முறையில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, இலங்கையிலேயே பிறந்த அவனுக்காக எந்த அரசாங்கம் பேசுவது என்ற வினா எழுந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்க்கப்படவென விடப்பட்டது. சிறுவர் தம் பெற்றோரின் கணக்கில் அடங்கினர்.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவாயிற்று. தோட்டச் சிறாரும் இன்று அதனிடம் முறையிடலாம். அதன் உறுப்பினரை நியமிப்பவர் சனாதிபதி.