குமாரசுவாமி குடும்பம்

குமாரசுவாமி குடும்பம் என்பது 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் அரசியல், சட்டம், கலை வரலாறு ஆகிய துறைகளில் அறியப்பட்ட ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஆகும். தமிழர் மரபில் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரே முன்னொட்டாகவோ முதலெழுத்தாகவோ அமையும். இக்குடும்பத்தின் ஒரு கிளையில் மட்டும் மூதாதை ஒருவரின் இயற்பெயர் தலைமுறை கடந்து குடும்பப்பெயராக நிலைத்தது.

பெயரின் தோற்றம்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார் (1783–1836), 1835இல் இலங்கைச் சட்டவாக்கப் பேரவையில் தமிழரின் முதல் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். இவருடைய மகன் முத்து, மகள் செல்லாச்சி.

மகளின் வழி

செல்லாச்சி பொன்னம்பல முதலியாரை மணந்தார். இவர்களின் மக்கள் பொன்னம்பலம் குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகியோர். மூவரும் மரபுப்படி தந்தையின் பெயரையே முன்னே கொண்டனர். மூத்தவருக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயர் இயற்பெயராக அமைந்தது. எனவே இவரது பெயரில் குமாரசுவாமி என்பது குடும்பப்பெயர் அன்று.

மகனின் வழி

சர் முத்து குமாரசுவாமி 1862 முதல் சட்டவாக்கப் பேரவை உறுப்பினராக இருந்தார். அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1874இல் சர் பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபியை மணந்தார். இவர்களின் மகன் ஆனந்தர் 1877 ஆகத்து 22இல் கொழும்பில் பிறந்தார். 1879இல் முத்து காலமானார். அப்போது இரண்டு வயதும் நிறையாத ஆனந்தர், இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்தார்.

ஆனந்தரின் முழுப்பெயர் ஆனந்த கென்டிஷ் முத்து குமாரசுவாமி. தாயின் ஊரும் தந்தையின் பெயரும் நடுவில் அமைய, பாட்டனாரின் பெயர் ஆங்கில முறைப்படி இறுதியில் நின்றது. தமிழ் முறையில் இவர் முத்து ஆனந்தன் என்றே அறியப்பட்டிருப்பார்.

ஆனந்தரின் திருமணங்கள்

ஆனந்த குமாரசுவாமி நான்கு முறை மணம் புரிந்தார்.

1. எத்தெல் மேரி பார்ட்ரிட்ஜ்: 1902இல் மணந்தார். இலங்கையில் கணவருடன் தங்கி, 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்ற நூலுக்கு ஒளிப்படங்கள் எடுத்தார். மணமுறிவுக்குப் பின் பிலிப் மைரேயை மணந்து, எத்தெல் மைரே என்ற பெயரில் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளர் ஆனார்.
2. அலிஸ் ரிச்சர்ட்சன்: இந்திய இசை பயின்று, ரத்தன் தேவி என்ற பெயரில் பாடினார். நாரதர், ரோகிணி ஆகியோர் இவர்களின் மக்கள்.
3. ஸ்டெல்லா பிளாக்: அமெரிக்க நடனக் கலைஞர். 1922இல் மணந்தார்.
4. லூயிசா ரன்ஸ்டீன்: அர்கெந்தீனாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர். 1930இல் மணந்தார்.

1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்தர், 1947 செப்டம்பர் 9இல் அமெரிக்காவில் காலமானார். லூயிசாவின் மகன் ராமா பொன்னம்பலம் குமாரசுவாமி (1929–2006) அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். தந்தையின் அத்தையுடைய கணவர் வழிப் பெயரும் தந்தையின் பாட்டனார் வழிப் பெயரும் இவருடைய பெயரில் ஒன்றுசேர்ந்தன.

பெயர் ஒற்றுமை

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) பெயரில் வருவது அவரது இயற்பெயரே, குடும்பப்பெயர் அன்று.