ஐம்பது வருடம் கழித்து வந்த பதக்கம்

ஜூடோ என்றதும் எமக்கு ஜப்பான்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதில் பெண்களுக்கு ஒலிம்பிக் கதவைத் திறக்கப் பெரிதும் பாடுபட்டவர் ஓர் அமெரிக்கப் பெண். பெயர் ரஸ்டி கனோகோகி. 1935இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தவர்.

1959இல் நியூயோர்க் மாநிலத்தின் யூட்டிக்கா நகரில் வை.எம்.சி.ஏ. நடத்திய ஜூடோ போட்டிக்குத் தனது கழகத்தோடு போனார். அணியில் ஒருவர் காயப்பட, அவருக்குப் பதிலாக ரஸ்டி இறங்கினார். கட்டையாக வெட்டிய தலைமயிர், துணியால் இறுகக் கட்டிய உடம்பு. எதிராளியை வீழ்த்தினார், அணியும் வென்றது. பதக்கம் கொடுத்த பின்னர் அமைப்பாளர் அவரைத் தனியே அழைத்து, "நீ பெண்ணா?" என்று கேட்டார். ரஸ்டி மறுக்கவில்லை. பதக்கம் பறிபோனது.

பெண்கள் பங்குபற்றக்கூடாது என்று அப்போது விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு பெண் வருவாள் என்று யாருமே எண்ணவில்லை, அவ்வளவுதான்.

1962இல் ஜப்பான் சென்று, ஜூடோவின் தாய்வீடான கோடோகானில் பயின்றார். பெண்கள் பிரிவில் அவருக்கு ஈடு இல்லாததால் ஆண்களோடு பயிற்சி பெற அனுமதித்தார்கள்.

அதன் பிறகு அவர் போராடியது பெண்களுக்கென்று தனியான போட்டிகளுக்காக. 1980இல் முதலாவது பெண்கள் உலக ஜூடோ சம்பியன்ஷிப்பை நியூயோர்க்கில் நடத்தினார். காசு போதாமல் சொந்த வீட்டையே ஈடு வைத்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ கண்காட்சிப் போட்டியாக வந்தது. அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்றுநர் அவரே. 1992 பார்சிலோனாவில் முழு அங்கீகாரம் கிடைத்தது. ஆண்கள் ஜூடோ 1964லேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. இடைவெளி 28 வருடங்கள்!

2012இல் லண்டனில் அமெரிக்காவுக்கு ஜூடோவில் முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. வென்றவர் கேய்லா ஹரிசன் என்ற பெண். ரஸ்டி அதைக் காணவில்லை. 2009 ஓகஸ்டில் வை.எம்.சி.ஏ. அவருக்குப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

பதக்கம் திரும்பி வந்ததென்று நாம் மகிழலாம். ஆனால் 24 வயதில் வென்றவருக்கு அது 74 வயதில்தான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்வோம். எமது வகுப்பறையிலும் வீட்டிலும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று "எனக்கும் ஒரு இடம் தாருங்கள்" என்று கேட்டால், விதியில் இல்லை என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிப்போம்.